பாரிஸிலிருந்து யூரோப்பா பார்க்: அந்த 1 மணி 46 நிமிடம்

தண்டவாளம்:
பக்கத்து இழையில் ஆல்ப்ஸ் அண்ணாச்சி ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார்: "பாரிஸ்ல தங்குற குடும்பம் டிஸ்னிலேண்டுல காசைக் கொட்ட வேண்டாம். ஜெர்மனில ரஸ்ட்ங்கிற ஊர்ல யூரோப்பா பார்க்னு கேளிக்கைப் பூங்கா இருக்கு. டிஜிவி அதிவேக ரயில் ஏறினா 1 மணி 46 நிமிஷம். காலைல போயிட்டு ராத்திரி வந்துரலாம்."

இதை நம்பி யாராவது ரெண்டு பிள்ளைகளோடு பாரிஸின் கார் து லெஸ்ட் ரயில் ஸ்டேஷனில் போய் நிற்பார்கள். 1.46 என்பது ஸ்ட்ராஸ்பூர்க் வரைக்கும்தான், அதுவும் வேகமான வண்டிக்கு. ஸ்ட்ராஸ்பூர்க் பிரான்ஸ். ரஸ்ட் ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஸ்ட்ராஸ்பூர்கில் இறங்கி, ஜெர்மனி எல்லை ஊரான கேல் வழியாக ஓஃபன்பர்க் போகிற உள்ளூர் ரயிலில் சுமார் அரை மணி. அங்கே வண்டி மாறி, பூங்காவுக்குப் பக்கத்து ஸ்டேஷனான ரிங்ஸ்ஹைம், இன்னொரு அரை மணி. அப்புறம் பஸ். காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வழிக்கே மூன்றரை மணி.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
1.46 தப்புன்னு எங்கயாவது காட்டுங்க பார்ப்போம். 2016 ஜூலைல புது லைன் முழுசா திறந்ததுலேர்ந்து அதான் நேரம். சொன்னது சரி. சரியானதைச் சொன்னா சிலருக்கு எரியும்.

தண்டவாளம்:
சரிதான், ஸ்ட்ராஸ்பூர்க் கதீட்ரல் பார்க்கப் போகிறவருக்கு. பூங்காவின் சில்வர் ஸ்டார் ரோலர் கோஸ்டரை கதீட்ரல் கோபுரத்திலா கட்டி வைத்திருக்கிறார்கள்?

லாச்சப்பல் மருமகன்:
அண்ணையாக்கள், ஸ்ட்ராஸ்பூர்க்கில வாடகைக் கார் எடுத்தா ரயில் மாறுற தலையிடி இல்லையே. பிரான்ஸ் பக்கத்தாலேயே ரினோ வரைக்கும் போய், ரைனைக் கடக்கிற ஃபெரியில காரை ஏத்தலாம். அதுக்குக் காசு எடுக்கிறேல்லை. மற்றப் பக்கம் காப்பல், அதுக்குப் பக்கத்திலதான் ரஸ்ட்.

தண்டவாளம்:
ஆற்றில் வெள்ளம் ஏறினால் ஃபெரியை நிறுத்திவிடுவார்கள், தம்பி. பாலத்தைத் தாண்டி ஜெர்மனி பக்கம் ஏ5 நெடுஞ்சாலையில் போனால் பூங்காவுக்கென்றே 57பி என்று தனி வெளிவழி இருக்கிறது. குழந்தை இருக்கை, இன்னொரு நாட்டுக்குள் காரைக் கொண்டுபோக அனுமதி, இரண்டையும் கார் எடுக்கும்போதே கேட்க வேண்டும். இதையெல்லாம் செய்தாலும் அது 1.46 ஆகாது.

சுட்டி அம்மா:
மணிக்கணக்கை விடுங்க. பிள்ளைங்க வயசை யாராவது கேட்டீங்களா? டிஸ்னி கோஸ்டர்ல பார்க்கிறது குறைஞ்சபட்ச உயரம் மட்டும்தான்: பிக் தண்டர் மவுண்டன் 102 செ.மீ., க்ரஷ்ஸ் கோஸ்டர் 107, ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன் 120, இண்டியானா ஜோன்ஸ் 140. ரஸ்ட்ல உயரத்தோட வயசும் பார்ப்பாங்க. வோடன் 120 செ.மீ., 6 வயசு. ப்ளூ ஃபயர் 130, 7 வயசு. சில்வர் ஸ்டார் 140, 11 வயசு. பத்து வயசுப் பையன் 145 செ.மீ. இருந்தாலும் சில்வர் ஸ்டார்ல ஏற முடியாது. அழுகையோடதான் திரும்பணும்.

கெட்டி சோல்:
அக்கா, ஒண்ணு ரெண்டு செ.மீ. குறைஞ்சா தடிமனான ஷூ போட்டு விடுங்க. எல்லாரும் பண்றதுதான்.

சுட்டி அம்மா:
எல்லாரும் பண்ணினா சரியாயிடுமா? ஒரே கம்பியை வரிசைக்கே போடுற இருக்கையில, அது பெரியவங்க தொடையில முட்டி நின்னுடும். பக்கத்துல இருக்கிற சின்னப் பிள்ளை மடிக்கு இறங்காது. உயரக் கணக்கு சும்மா வைக்கலை. உங்க பேரைப் பார்த்தப்பவே நினைச்சேன்.

கெட்டி சோல்:
பேரை இழுக்காதீங்க.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
பாருங்க, கோஸ்டர் லிஸ்ட் போட்டாலே ரஸ்ட்தான் ஜெயிக்குது. சில்வர் ஸ்டார் 73 மீட்டர். ப்ளூ ஃபயர் ரெண்டரை செகண்டுல 100 கி.மீ. வேகம் பிடிக்கும். நடத்துறது மாக் குடும்பம், கோஸ்டர் செய்யுறதே அவங்க தொழில். 1975லேர்ந்து பூங்கா இருக்கு. அதுவும் 1 மணி 46 நிமிஷத்துல.

தண்டவாளம்:
ஸ்ட்ராஸ்பூர்க்! ஸ்ட்ராஸ்பூர்க்! காலை 9 மணிக்குப் பூங்கா திறக்கிறது. முதல் வண்டியைப் பிடித்தாலும் முற்பகல் போய்விடும். மாலை 6 மணி வரை திறந்திருக்கும் நாளில் முழுக்க இருந்துவிட்டுக் கிளம்பினால், எல்லா இணைப்பும் கிடைத்தாலும் பாரிஸ் வர இரவு 10 ஆகும். டிக்கெட்டைத் தேதி போட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். ஆகவே டிஜிவி தாமதமானால் பூங்காவில் இருக்கும் நேரம்தான் குறையும். ரஸ்ட்டில் ஒரு இரவு தங்கினால் மறுநாள் ருலான்டிகா நீர்ப்பூங்காவையும் சேர்த்துப் பார்க்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

இவருக்கு இது பழக்கம். நெதர்லாந்து இழையில் எஃப்டலிங் கேளிக்கைப் பூங்கா வாசலிலேயே ரயில் நிற்கும் என்றவரும் இவர்தான். அது இருக்கிற காட்ஸ்ஹுவெலில் ஸ்டேஷனே கிடையாது. டில்பர்கிலிருந்தோ டென் போஸிலிருந்தோ பஸ்.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
பழைய குப்பையைக் கிளறாதீங்க. அது டைப்பிங் பிழை.

லாச்சப்பல் மருமகன்:
பஸ் எண்டு அடிக்க வெளிக்கிட்டு ரயில் எண்டு வந்ததோ? 😄

டிஸ்னிக்குப் போற ஆக்களுக்கு ஒண்டு. ஆர்.இ.ஆர். ஏ எண்ட புறநகர் ரயில் வண்டி எல்லாமே அங்க போறேல்லை, சிலதுதான் போகும். வன்சேனுக்குப் பிறகு பாதை ரெண்டாப் பிரியும், ஒண்டு புவாசி பக்கம். டிஸ்னிப் பாதையிலயும் சில வண்டி டோர்சியோட நிண்டிடும். மேடைப் பலகையில டிஸ்னி ஸ்டேஷனான மார்ன் லா வலே ஷெசி எண்ட பேருக்கு நேர விளக்கு எரியுதோ பாத்து ஏறுங்கோ.

தண்டவாளம்:
புவாசி (Poissy) வேறொரு ஊர், மேற்கில் இருக்கிறது. நீங்கள் சொல்வது புவாசி சேன் லேஜே (Boissy-Saint-Léger). ஊர்ப் பெயரைச் சுருக்கக் கூடாது.

லாச்சப்பல் மருமகன்:
இஞ்ச ஆக்கள் புவாசி எண்டுதான் சொல்லுறது. நீங்கள் எந்தப் பாரிஸில இருக்கிறியள்?

சுட்டி அம்மா:
டிக்கெட்டும் சொல்லிடுங்க. 2025 ஜனவரிலேர்ந்து பாரிஸ்ல எங்க ஏறினாலும் டிஸ்னி வரைக்கும் ஒரே விலை, அப்போ 2.50 யூரோ. பழைய வழிகாட்டியில இருக்கிற 5 யூரோ கணக்கை மறந்துடுங்க. டிக்கெட் ஏத்திக்கிற நவிகோ ஈஸி அட்டை ஆளுக்கு ஒண்ணு வேணும். ஒரே அட்டையை நாலு பேர் மாத்தி மாத்தித் தட்டினா கேட் விடாது.

கெட்டி சோல்:
போன்ல வாங்கினா அட்டையே வேணாம்.

சுட்டி அம்மா:
எட்டு வயசுப் பிள்ளைகிட்ட எந்த போன்?

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
எல்லாரும் டிஸ்னி ஏஜென்ட் ஆயிட்டீங்க. பாரிஸ் நடுவுலேர்ந்து டிஸ்னிக்கே 40 நிமிஷம், ஓட்டல்லேர்ந்து நடக்கிறது, பை சோதனை, க்யூ எல்லாம் சேர்த்தா ஒன்றரை மணி. 1.46க்கு எவ்வளவு வித்தியாசம்? வெறும் 16 நிமிஷம்!

தண்டவாளம்:
டிஸ்னிக்குப் பை சோதனை வரை எண்ணுகிறார். ரஸ்ட்டுக்கு ரைனையே எண்ண மாட்டார். 16 நிமிடத்தில் ஓஃபன்பர்க்கே வராது, ஐயா.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
1.46. பிரெஞ்சு ரயில்வே எஸ்என்சிஎஃப் அட்டவணையைப் பாருங்க. இனி பதில் போடுறதா இல்ல.

ஆல்ப்ஸ் அண்ணாச்சி:
எஃப்டலிங் விஷயம் டைப்பிங் பிழைதான்.