சேலைக் கடை தளத்தில் மெனு நிரம்பி வழிகிறது, எதை எடுப்பது?

தறிவீட்டுப் பெண்:
வணக்கம். சின்னாளப்பட்டியில் எங்களுக்குச் சுங்குடிச் சேலைக் கடை. வலைத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மெனுவில் 14 தலைப்பு சேர்ந்துவிட்டது: முகப்பு, வரலாறு, 80 நம்பர், 100 நம்பர், 120 நம்பர், புதுவரவு, சலுகை, விருதுகள், படங்கள்... அப்பா எதையும் எடுக்க விடமாட்டேன் என்கிறார். தளத்தைப் பார்த்தவர்களே போன் செய்து "பார்சல் எங்கே வருது?" என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் மூன்று கோடு பொத்தானுக்குள் போட்டுவிடலாமா?

கோவை டிசைனர்:
கணினியில் வேண்டவே வேண்டாம்மா. வலைத்தளங்களை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2016-இல் சோதித்ததில், ஒளித்துவைத்த மெனுவை ஆட்கள் குறைவாகத்தான் தொட்டார்கள். தேடியது கிடைக்க நேரமும் கூடியது. போனிலும் முக்கியமான இரண்டு மூன்று வெளியே தெரியட்டும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். போனில் வரும் கேள்வியை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். '80 நம்பர்' என்பது தறிக்காரர் கணக்கு. நம்பர் கூடக்கூட நூல் சன்னம் என்று வாங்க வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் 'தினமும் கட்ட', 'மெல்லிசா', 'விசேஷத்துக்கு' என்றுதான் கேட்பார். 'சேலைகள்' என்று ஒரே தலைப்பு, அதற்குள் இந்தப் பிரிவுகள். நம்பரைச் சேலை விவரத்தில் போடுங்கள். புதுவரவும் சலுகையும் சேலைப் பட்டியலை வடிகட்டும் வசதியாக இருந்தால் போதும்.

மேலே முகப்பு, சேலைகள், பார்சல் நிலவரம், கடை முகவரி, ஒரு தேடல் பெட்டி. லோகோவைத் தொட்டால் முகப்பு வரும் என்று பெரியவர்கள் பலருக்குத் தெரியாது, அதனால் அந்தச் சொல் இருக்கட்டும். வரலாறும் விருதும் படங்களும் பக்கத்தின் அடிக்குப் போகட்டும்.

கோடு எழுதுபவன்:
ஒன்று சேர்க்கிறேன். 'எங்களைத் தொடர்புகொள்ள' போனில் இரண்டு வரியாக உடையும், 'தொடர்புக்கு' போதும். இடம் பற்றவில்லை என்று எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம், எல்லோருக்கும் பயன்படும்படி தளம் அமைக்கச் சொல்லும் டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டி பொத்தானுக்குக் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. விரலுக்கு அது பற்றாது, 44 வையுங்கள். மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் திறக்கும் துணைமெனு போனில் கைகொடுக்காது.

தறிவீட்டுப் பெண்:
நன்றி அண்ணா, நோட்டு வைத்தாச்சு. வரலாறு பக்கத்தை அடியில் தள்ள மட்டும் அப்பாவுக்கு மனசில்லை. அதில் தாத்தா சேலையில் புள்ளி விழ முடிச்சுப் போடும் படம் இருக்கிறது.

கோவை டிசைனர்:
அந்தப் படத்தைக் கைமுடிச்சுச் சேலைகளின் பக்கத்தில், விலைக்குக் கீழே வையுங்கள். புள்ளிகளை உற்றுப் பார்க்கும்போதுதான் இதை யார் போட்டது என்று கேட்கத் தோன்றும். அங்கிருந்தே வரலாற்றுக்கு ஓர் இணைப்பு. இப்போதைவிட நிறையப் பேர் படிப்பார்கள், அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள். புது மெனு வந்ததும் அவரிடம் போனைக் கொடுத்து ஒரு பார்சல் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் வழி சொல்லிவிடாதீர்கள். எந்த இடத்தில் விரல் தயங்கியது என்று இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.