மனைவிக்கு டிஐடி என்கிறார் டாக்டர், வீட்டில் காத்து கருப்பு என்கிறார்கள்

கொலுசுக்காரன் கேட்டது:

வணக்கம். சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் வீட்டோடு சேர்த்துச் சின்னதாக ஒரு வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை. கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகிறது. மனைவிக்கு ஊர் ஏற்காட்டுப் பக்கம். மாமனார் காபித் தோட்டத்தில் மேஸ்திரி.

முதல் வருடம் வெறும் மறதி என்றுதான் நினைத்தேன். கணக்கு நோட்டில் அவள் கையெழுத்திலேயே எடை எழுதியிருக்கும், "இதை யாருங்க எழுதினது?" என்று என்னைக் கேட்பாள். செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் கம்பி வாங்கி வந்து வைத்துவிட்டு, சாயங்காலம் "கம்பி தீர்ந்துடுச்சு, போய் வாங்கிட்டு வரவா?" என்பாள். பொய் சொல்கிறாள் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

ஆறு மாதமாக வேறு மாதிரி. சில ராத்திரி சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக் குரலில் லைட்டை அணைக்காதே என்கிறாள். என்னை "அண்ணா" என்கிறாள். ஒரு நாள் என் அம்மாவிடம், அதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், "இவளைத் தொந்தரவு செஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். அந்த 'இவளை'யில்தான் அம்மா நடுங்கிப் போய்விட்டாள்.

தாயத்து கட்டியாயிற்று. ஒரு டாக்டர் வலிப்பு மாத்திரை கொடுத்தார். இன்னொருவர், டிஐடியாக இருக்கலாம், ஒரே ஆளுக்குள் பல ஆள் மாதிரி மாறி மாறி வருகிற மனநோய், முன்னே மல்டிபிள் பெர்சனாலிட்டி என்பார்கள் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பினார். பெரிய மாமா அத்துவிட்டுவிடு என்கிறார். எனக்கு அவளை விட மனசில்லை. இப்படி ஒரு நோய் நிஜமாகவே இருக்கிறதா? குணமாகுமா? குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

ஆடிப்பதினெட்டு:

சகோ, கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், டாக்டரையும் விடாமல் பாருங்கள். ஆனால் சாட்டை அடி, மிளகாய்ப் புகை என்று யாராவது கிளம்பினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்துப் போனார்கள். அந்தப் பேப்பரை அப்பா எங்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தது ஞாபகம் இருக்கிறது.

அம்மாபேட்டை_அக்கா:

தம்பி, தறியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். நான் பிளஸ் டூ வரைதான் படித்தவள். என் தங்கைக்கு இதே நோய். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் வேண்டாம் என்ற இரண்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

நாங்கள் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர்கள். ஒரே கை நெய்தால் துணி முழுக்க அடி ஒரே மாதிரி விழும். ஒரு நாள் தங்கை நெய்த வேட்டியில் நடுவில் ஒரு முழம் தொளதொளவென்று இருந்தது, அப்புறம் மறுபடி கெட்டி. "இதை யாருடி நெய்தது?" என்றாள் அம்மா. "நான் காலையில ஒரு சாண்தானே நெய்தேன், மிச்சம் நீ நெய்ததுன்னு நினைச்சேன்" என்றாள். அன்றைக்கு அந்தத் தறியில் வேறு யாரும் உட்காரவே இல்லை. பின்னால் சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் இதைப் பெரிய துப்பு மாதிரி சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் நெய்தாலும் அப்படி வருமே என்று சிரித்தார். அதுவும் நியாயம்தான்.

நோயின் பெயர் தெரிய அங்கிருந்து ஆறு வருடம் ஆனது. இரண்டு வருடம் வலிப்பு மாத்திரை. காதில் குரல் கேட்கிறது என்று சொன்னதும் மனச்சிதைவு என்று ஊசி போட்டார்கள். கை நடுக்கத்தில் நாடா தள்ள முடியவில்லை, வாயில் எச்சில் ஒழுகும். எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன், அங்கே கூட்டமும் அப்படி. கடைசியில் பெங்களூருவில் ஒருவர்தான் அவளைத் தனியாக உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேட்டார். குரல் வெளியிலிருந்தா, தலைக்குள்ளிருந்தா? எந்த வயதிலிருந்து? வீட்டில் உனக்குத் தெரியாத பொருள் இருக்குமா? நேற்று மத்தியானம் என்ன செய்தாய்? அவள் எட்டு வயதிலிருந்து உள்ளே பேச்சு கேட்கிறது என்றாள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

பேய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெரியம்மாவுக்கு ஆடியில் குகை மாரியம்மன் கோயிலில் அருள் வரும். மேளம் நின்று, தீர்த்தம் தெளித்து, திருநீறு வைத்தால் போதும், வீட்டுக்கு வந்து குழம்பு வைப்பார். மற்ற நாளில் வராது. அதை யாரும் வியாதி என்று சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. தங்கைக்கு மேளமும் கிடையாது, நாளும் கிடையாது. பட்டா நகல் வாங்க வரிசையில் நிற்கும்போது வரும். வந்து போனபின் அவளுக்கு மிஞ்சுவது தலைவலியும், காணாமல் போன இரண்டு மணி நேரமும்தான்.

சினிமாவில் காட்டுகிற மாதிரி கண்ணை உருட்டுவது, முடியை விரிப்பது எதுவும் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. கண் ஒரு நொடி எங்கோ போகும். அப்புறம் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். வெளி ஆளுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு தடவை போன் வந்தது. "அக்கா, எங்கிருக்கேன்னு தெரியலை, குளிருது." எனக்கு உயிரே போய்விட்டது. என்ன தோன்றியதோ, "கையில என்ன வெச்சிருக்கே?" என்றேன். பஸ் டிக்கெட் என்றாள். படிக்கச் சொன்னேன். சேலம் டு ஏற்காடு, காலை 7.40. அப்போது மணி 11. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. "சுத்தி என்ன தெரியுது, ஒவ்வொண்ணாச் சொல்லு" என்றேன். ரவுண்டானா, மிளகாய் பஜ்ஜிக் கடை, எண்ணெய் வாசனை, காலில் ஒரு செருப்பு அறுந்திருக்கிறது. செருப்பைச் சொல்லும்போது குரல் அவள் குரலாகிவிட்டது. ஒண்டிக்கடையிலேயே நிற்கச் சொல்லி அண்ணனை வண்டியில் அனுப்பினேன். மேடத்திடம் சொன்னபோது, சிகிச்சையில் கற்றுக்கொடுப்பதே அதைத்தான் என்றார்: கண்ணுக்குத் தெரிவது, கைக்குப் படுவது, மூக்குக்கு வருவது என்று சொல்லவைத்து இந்த நேரத்துக்கு, இந்த இடத்துக்குக் கொண்டுவருவது. ராத்திரி உங்கள் மனைவி சுவரோரம் உட்கார்ந்தால் "நீ யாரு?" என்று கேட்காதீர்கள், அது மந்திரிக்கிறவன் கேட்கிற கேள்வி. லைட்டைப் போடுங்கள். தேதியைச் சொல்லுங்கள், இது கொண்டலாம்பட்டி, நம்ம வீடு என்று சொல்லுங்கள்.

காரணம் என்ன என்று கேட்பீர்கள். சின்ன வயதில், ஓட வழியில்லாத இடத்தில், திரும்பத் திரும்ப நடந்த ஒன்று. எங்கள் வீட்டில் அது மிக்சர் பொட்டலத்தோடு வந்து போய்க்கொண்டிருந்த ஒரு உறவுக்காரர். எனக்கே முழுசாகத் தெரியாது. நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். முதலில் பத்திரமான வீடு, தூக்கம், அன்றாடம்; பழசைத் தோண்டுவதெல்லாம் அப்புறம், அதுவும் மேடத்தோடு மட்டும் என்றார்கள். பத்திரமான வீடு என்றால் அந்த ஆள் வாசல் மிதிக்கக் கூடாது. அதற்குத்தான் பெரிய சண்டை. அண்ணன் கல்யாணத்தில் அவருக்குப் பத்திரிகை வைக்கவில்லை. சொந்தத்தில் பாதிப் பேர் வரவில்லை, சாப்பாடு மீந்து போனது. அந்த மாதத்திலிருந்துதான் அவள் ராத்திரியில் தூங்க ஆரம்பித்தாள். இது என் கணக்கு, டாக்டர் சொன்னதில்லை.

அவளுக்குள் மாறி மாறி வருகிறவர்கள் யாருக்கும் வீட்டில் நாங்கள் பெயர் வைக்கவில்லை. அவளே 'சின்னது', 'கோவக்காரி' என்பாள். கோவக்காரியை எனக்கு முதலில் பிடிக்காது. மேடம் சொல்லித்தான் புரிந்தது, அவள்தான் இத்தனை வருடம் காவல் நின்றவள். உங்கள் அம்மாவை மிரட்டியதும் அப்படி ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கொஞ்சி ஒன்றைத் துரத்தக் கூடாது. எல்லாம் சேர்ந்ததுதான் அவள். கோவக்காரி தட்டை உடைத்தாலும் பொறுக்குவது அவள்தான். ஒரு பொது நோட்டு தறிக்கட்டையில் தொங்கும். நடந்ததை எந்தக் கை வேண்டுமானாலும் எழுதலாம், நாங்கள் படிக்க மாட்டோம்.

இன்னொன்று, பொதுவில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்களை "அண்ணா" என்று கூப்பிடுகிற நேரத்தில் கணவனாகப் பக்கத்தில் போகாதீர்கள். புரிந்துகொள்வீர்கள்.

ஐந்துரோடு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அமெரிக்காவில் ஹிப்னாடிசம் செய்து டாக்டர்களே உண்டாக்கிவிட்ட வியாதி இது என்று படித்திருக்கிறேன். டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு ஆளாளுக்கு எனக்கும் நாலு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்கிறார்கள்.

கன்னங்குறிச்சிக்காரன்:

மனநல சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்துரோடு சொல்வதில் பாதி சரி. சிறுவயதுக் கொடுமையால் வருகிறது என்று ஒரு தரப்பும், கேட்கிறவர் தூண்டுவதாலும் கதைகளாலும் உருவெடுக்கிறது என்று ஒரு தரப்பும் இன்றும் வாதிடுகின்றன. அதனால்தான் நல்ல வைத்தியர் "உள்ளே எத்தனை பேர்?" என்று ஆரம்பிக்க மாட்டார், மறதியைத்தான் கேட்பார். ஆனால் நோயே இல்லை என்பது தவறு. 1980லேயே அமெரிக்க மனநல சங்கத்தின் டிஎஸ்எம் என்கிற நோய்ப் பட்டியலில் தனியாக இருக்கிறது. 1994ல் இப்போதைய பெயர் வந்தது. 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் இதைத் தனியாகவும், ஆவேசம் வருகிற கோளாறைத் தனியாகவும் வைத்திருக்கிறது. நம் ஊர் ஓபியில் இந்த வகையில் அதிகம் வருவது வலிப்பு மாதிரி விழுவதும் சாமி, பேய் இறங்குவதும்தான். முழு டிஐடி அபூர்வமாகத்தான் எழுதப்படும். ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யக் கூடியது அல்ல.

தம்பி, ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. 28 கேள்வி கொண்ட ஒரு தாள் உண்டு, அதுவும் சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது. வலிப்பா என்பதையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மூளையின் மின்னலையைப் பார்க்கிற சாதாரண இஇஜி சரியாக இருந்தால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது; தேவைப்பட்டால் வீடியோ இஇஜி எடுப்பார்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டிஐடிக்கென்று தனி மாத்திரை கிடையாது. சோர்வு, பதற்றம், தூக்கத்துக்குத்தான் தருவார்கள். வேலை செய்வது பேச்சு சிகிச்சை, அதுவும் மாதக் கணக்கில் இல்லை, வருடக் கணக்கில். உள்ளே பிரிந்திருப்பது எல்லாருக்கும் ஒன்றாக இணைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பலர் இணையாமலே வேலை, குடும்பம் என்று நன்றாக இருக்கிறார்கள்.

குழந்தை பெறத் தடை இல்லை. ஆனால் தீர்மானிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் மாதிரி வலிப்பு மாத்திரை கருவைப் பாதிக்கும், மாற்ற வேண்டியிருக்கும். பெரிய மாமாவிடம், நோயின் பெயரைக் காட்டினாலே கோர்ட் விவாகரத்து கொடுத்துவிடாது என்று சொல்லுங்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவளுடைய நோய் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. உங்கள் தெரு கேட்டாலும் சரி.

முக்கியமான ஒன்று. டிஎஸ்எம்-5 சொல்கிறபடி, இந்த நோயோடு வெளிநோயாளியாக வருகிறவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஒரு முறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள். வீட்டோடு பட்டறை என்றீர்கள். திராவகத்தைப் பூட்டுங்கள், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். ராத்திரியில் அவசரமென்றால் 14416, டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார், எந்த நாளில் என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள்.

கொலுசுக்காரன்:

திராவகம் பூட்டியாயிற்று. அம்மாவிடம் நோய்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை, "அவளுக்குச் சின்ன வயசுல ஏதோ பெரிய பயம் நடந்திருக்கு" என்று மட்டும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் ரூமில் ஜீரோ வாட் பல்பு மாட்டிவிட்டாள். தாயத்தை அவிழ்க்க விடவில்லை, அது இருக்கட்டும்.

இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை. சாப்பிடும்போது மட்டும் கேட்டாள், அந்தத் தங்கச்சி இப்போ தறியில உட்கார்றாங்களா என்று.

அம்மாபேட்டை_அக்கா:

உட்கார்கிறாள் என்று சொல்லுங்கள். முன்னே மாதிரி வேகம் இல்லை, ஒரு வேட்டி இறக்க இரண்டு நாள் கூடுதலாகிறது. தொளதொளப்பும் அங்கங்கே இருக்கும். முதலாளி கூலியில் பிடிப்பார், நாங்களும் சண்டை போடுவோம்.

அவளைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டம்மாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். மற்ற நாளில் தறிச் சத்தத்தில் ஒரு வார்த்தை காதில் விழாது.