சமநிலை என்றால் நின்றுபோவது என்று நினைத்திருந்தேன்

பிளஸ் ஒன் வேதியியலில் சமநிலைப் பாடம் உங்களுக்கு எப்போது பிடிபட்டது? எனக்குப் பள்ளிக்கூடத்தில் பிடிபடவே இல்லை. ஏற்காடு அடிவாரத்தில் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் பிடிபட்டது.

சேலத்தில் தமிழ் வழியில் படித்தவன் நான். குழப்பமே அந்தச் சொல்லில்தான். சமநிலை என்றதும் செவ்வாய்ப்பேட்டை மண்டித் தராசு கண்ணில் வந்து நின்றுவிடும். இரண்டு தட்டும் சமம், முள் அசையாது. ஆகவே வினைபடு பொருளும் விளைபொருளும் பாதிக்குப் பாதி, வினை நின்றுவிடும் என்று எழுதி வைத்தேன். இரண்டுமே தப்பு. 'இயங்குச் சமநிலை' என்று புத்தகத்தில் இருந்தது, மனப்பாடமும் செய்திருந்தேன். இயங்குவது எது என்று மட்டும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு அடிவாரத்தில் கார்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழே நிற்கும் கார் வினைபடு பொருள், மேலே போன கார் விளைபொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100 கார்கள்தான், வெளியிலிருந்து எதுவும் வராது, போகாது. கீழே இருப்பவற்றில் மணிக்குப் பத்தில் ஒரு பங்கு மேலே போகிறது. மலைமேல் குளிர் தாங்காமல் (என்னைப் போல) மணிக்குப் பத்தில் நான்கு பங்கு இறங்கிவிடுகிறது. கீழே 80, மேலே 20 என்று ஆனதும் எட்டு ஏறும், எட்டு இறங்கும். அதற்குப் பிறகு எண்ணிக்கை மாறாது. ஆனால் ரோட்டில் ஒரு கார்கூட நிற்கவில்லை! சமமானது வேகம், அளவு அல்ல. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் 0.25. சமநிலை மாறிலி என்று பயமுறுத்தியது இதைத்தான்.

கருப்பூரிலிருந்து ஒருவர்:

என் அப்பா வெள்ளைக்கல் சூளையில் வேலை பார்த்தவர். வெள்ளைக்கல் என்றால் மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும். 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் சுமார் 48 கிலோதான் மிஞ்சும், பாதிக்கு மேல் புகைபோக்கி வழியாகப் போய்விடும். புத்தகத்தில் மீள் வினை, அதாவது இரு பக்கமும் நடக்கும் வினை, என்று இரட்டை அம்பு போட்டிருந்ததைப் பார்த்து, "சுட்ட கல் திரும்ப வெள்ளைக்கல் ஆகுமாப்பா?" என்று கேட்டேன். "ஆனா எங்க பொழப்பு என்ன ஆகும்?" என்று சிரித்தார். வாயு வெளியேறும் சூளையில் சமநிலை வராது, திரும்பிச் சேர ஆள் இல்லை. அதே கல்லை மூடிய கலனில் சுட்டால் வாயு ஓர் அழுத்தத்துக்கு வந்ததும் இரு பக்கமும் ஈடாகிவிடும். அப்புறம் அதில் இன்னும் கொஞ்சம் கல் போட்டாலும் அந்த அழுத்தம் மாறாது. திண்மத்தின் அளவு மாறிலிக்குள் வராது என்பதைப் பரீட்சையில் விட்டுவிட்டு மார்க் இழந்தவர்கள் எத்தனையோ பேர், நானும் சேர்த்து.

மேச்சேரியிலிருந்து ஒருவர்:

எங்கள் டியூஷனில் மேட்டூர் அணையைச் சொல்லித்தான் நடத்தினார்கள். 120 அடி நிரம்பியதும் வருகிற தண்ணீரும் போகிற தண்ணீரும் ஒன்று, மட்டம் மாறாது.

முதலில் எழுதியவர்:

அந்த உதாரணம்தான் என்னையும் கெடுத்தது. டெல்டாவுக்குப் போன தண்ணீர் அணைக்குத் திரும்பி வராதே. அது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் ஓட்டம். மட்டம் மாறாமல் இருப்பதால் மட்டும் வேதிச்சமநிலை ஆகிவிடாது.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்:

எனக்கு லேபில். ஃபெரிக் குளோரைடும் பொட்டாசியம் தயோசயனேட்டும் சேர்ந்தால் இரத்தச் சிவப்பு. இன்னும் ஒரு சொட்டு ஃபெரிக் விட்டதும் சிவப்பு கூடியது. வினை முடிந்துபோயிருந்தால் எப்படிக் கூடும்? சமநிலையில் ஒரு மாற்றம் செய்தால் அதை ஈடுகட்டும் பக்கம் வினை நகரும் என்று சொன்ன லீ சாட்லியர் அன்றைக்கே புரிந்துவிட்டார். ஒரு சந்தேகம்: வினையை வேகப்படுத்தும் வினையூக்கி சேர்த்தால் உங்கள் 80-20 மாறுமா?

முதலில் எழுதியவர்:

மாறாது. கொண்டை ஊசி வளைவுகளை அகலப்படுத்தினால் ஏறுகிறவனுக்கும் லாபம், இறங்குகிறவனுக்கும் அதே மடங்கு லாபம். 80-20க்குச் சீக்கிரம் வந்து சேரும், அவ்வளவுதான். மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால் கார்கள் நிஜமாகவே நிற்கும். அதைச் சமநிலை என்று எழுதினால் மார்க் கிடையாது.