7, 8ஆம் வகுப்புப் புள்ளைங்களுக்கு அரசியலமைப்பின் குறைகளை எப்படிச் சொல்றது?

பவானிக்கரை:
வணக்கமுங்க. கோபி பக்கம் ஊர்ப்புற நூலகத்துல சனிக்கிழமை வாசிப்பு வட்டம் நடத்துறோம். உரிமை, கடமையெல்லாம் புள்ளைங்க பாடத்துல படிச்சிருக்காங்க. அரசியலமைப்புல குறையும் இருக்குதுன்னு காட்டணும், அது மேல மதிப்பும் போயிரக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு எதை எடுக்கலாமுங்க?

நொய்யல்:
சரிசெஞ்ச குறையில இருந்து ஆரம்பிங்க. உறுப்பு 352 பொருத்தமா இருக்கும். 'உள்நாட்டுக் குழப்பம்' இருந்தாலே நெருக்கடிநிலை அறிவிக்கலாம்னு முன்னால இருந்துச்சு. எது குழப்பம்னு வரையறை கிடையாது. 1975ல அதை வெச்சுத்தான் அறிவிச்சாங்க. அமைச்சரவை கூடுறதுக்கு முன்னாலேயே குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டாச்சு. 1978ல 44ஆவது திருத்தம் ரெண்டையும் அடைச்சுது: 'ஆயுதமேந்திய கிளர்ச்சி'ன்னு மாத்தி, அமைச்சரவை முடிவு எழுத்துல வரணும்னும் சேர்த்தாங்க.

பழசு, புதுசு ரெண்டையும் பலகையில எழுதுங்க. "நாடு பூரா ரயில் வேலைநிறுத்தம். பழைய வரிப்படி அறிவிக்கலாமா? புது வரிப்படி?" இதைக் கேட்டுட்டு நீங்க பேசாம இருங்க. அரை மணி நேரம் அதுலயே போயிரும்.

காங்கேயம் வக்கீல்:
ஒண்ணு கவனிங்க. நாட்டுல எது சரியில்லைன்னாலும் அரசியலமைப்புக் குறைன்னு புள்ளைங்க எழுதிருவாங்க. காவிரியை வெச்சுப் பிரிச்சுக் காட்டுங்க. உறுப்பு 262 ஆத்துத் தகராறைத் தீர்க்கிற பொறுப்பை நாடாளுமன்றத்துக்கு விட்டுது, காலக்கெடு வெக்கலை. அதுக்காக நாடாளுமன்றம் போட்ட 1956 சட்டத்துலயும் கெடு இல்லை. 1990ல அமைச்ச நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது 2007ல. சட்டத்துல மூணு வருசக் கெடு வந்தது 2002 திருத்தத்துலதான். தீர்ப்பு வந்தும் தண்ணி வராதது வேற சங்கதி, அது நடைமுறைக் குறை. அரசியலமைப்பு, சட்டம், நடைமுறைன்னு மூணு பத்தி போட்டு, எந்தக் குறை எதுல சேரும்னு அவங்களையே எழுத வைங்க.

பவானிக்கரை:
ரொம்ப நன்றிங்க. இன்னும் சரியாகாத குறைக்கு ஆளுநர் விவகாரத்தை எடுக்கலாமுங்களா?

நொய்யல்:
சட்டமன்றம் நிறைவேத்துன மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தர்றதைப் பத்தின உறுப்பு 200 முக்கியமானதுதான், ஆனா முதல் வகுப்புல வேண்டாமுங்க. புள்ளைங்க வீட்டுல எந்தக் கட்சியோ அதைப் பேசிருவாங்க, வரியைப் படிக்க மாட்டாங்க. மாநிலங்களவை இடங்களை எடுங்க, மக்கள்தொகையைப் பார்த்துக் குடுக்கறதால சின்ன மாநிலத்துக்குக் குரல் குறைஞ்சிருது: உத்தரப் பிரதேசம் 31, தமிழ்நாடு 18, சிக்கிம் 1. அமெரிக்க செனட்டுல எந்த மாநிலத்துக்கும் 2தான். மூணு குழுவாப் பிரிச்சு, எது நியாயம்னு வாதாட விடுங்க. அங்கயும் குறை இருக்குது, சின்ன மாநிலத்து ஓட்டுக்குக் கனம் ஏறிருது.

கடைசியா உறுப்பு 368. மாநிலங்களவை இடங்களை இப்படிப் பிரிச்சிருக்கறதை மாத்த ரெண்டு அவையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஆதரவோட, பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஒத்துக்கணும். உத்தரப் பிரதேசக் குழுவை "நீங்க ஒத்துக்குவீங்களா?"ன்னு கேளுங்க. நல்லா வாதாடுற புள்ளைங்களை அந்தக் குழுவுல போடுங்க, இல்லைன்னா சீக்கிரமே விட்டுக் குடுத்துருவாங்க.