ஓல்ட்-டைம் இசையில் பால்புதுமையர்: பாட்டு பெரிதா, பாடுபவர் பெரிதா?

பழம்பாட்டுப் பிரியன்:
சாம் கிளீவ்ஸின் ‘எய்ன்ட் வி பிரதர்ஸ்’ (2015) ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மலைப்பக்கத்துக்காரர், தன்பால் ஈர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன பால்புதுமையர் (க்வியர்). பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியில் குறை சொல்ல இடமில்லை. தலைப்புப் பாடல், மேற்கு வர்ஜீனியாவின் தன்பால் ஈர்ப்புள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரைப் பற்றியது. அங்கேதான் எனக்கு இடறுகிறது. ஓல்ட்-டைம் என்பது ப்ளூகிராஸ் என்ற நாட்டுப்புற இசை வகைக்கும் முந்திய, கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்கிராமத்து ஃபிடில், பாஞ்சோ இசை. பல பாட்டுகளை யார் கட்டினார்கள் என்றே தெரியாது. பாடுபவர் ஒதுங்கி நின்று பாட்டை முன்னால் விடுவதுதான் அதன் அழகு. ‘நான் இன்னார்’ என்று அறிவிக்க வேறு இசை இல்லையா? வெறுப்பில் கேட்கவில்லை. யாரும் யாரையும் காதலிக்கட்டும்.

தேன்சிட்டு:
காதலிக்கலாம், பாடத்தான் கூடாது. நல்ல பெருந்தன்மை.

பழம்பாட்டுப் பிரியன்:
நான் சொல்லாததைச் சொல்லாதீர்கள். பாட்டில் கைவைக்க வேண்டாம் என்கிறேன். ‘அவன்’ என்று வந்தால் அவன், ‘அவள்’ என்று வந்தால் அவள். அவ்வளவுதான்.

மேற்கத்தி:
உங்கள் விதியையே எடுத்துக்கொள்கிறேன். ‘ரைசிங் சன்’ பாட்டு எல்லோருக்கும் தெரியும். 1937-இல் கென்டக்கியின் மிடில்ஸ்பரோவில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அதைப் பதிவு செய்தபோது பாடியவர் ஜார்ஜியா டர்னர், 16 வயது. ‘ரைசிங் சன்’ என்ற வீட்டில் சீரழிந்தவள் ஓர் ஏழைப் பெண், தானும் அவர்களில் ஒருத்தி என்று பாடுகிறார். 1962-இல் வந்த தன் முதல் ஆல்பத்தில் பாப் டிலனும் பெண்ணாகவே பாடினார். 1964-இல் அனிமல்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழு பாடியபோது பெண் பையனாகிவிட்டாள். உலகம் முழுக்கப் பரவியது அந்த வடிவம்தான். கைவைத்தது யார்?

ஆங்கிலேய நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் 1916 முதல் 1918 வரை அந்த மலைகளில் அலைந்து திரட்டிய பாட்டுகளிலேயே வணிகரின் மகள் ஒருத்தி ஆண் உடை போட்டுக்கொண்டு காதலனைத் தேடிப் போர்க்களம் போகிறாள். பழைய பாடகர்கள் யாருடைய பாத்திரத்திலும் நுழைந்து பாடினார்கள். பெண் உருகும் பாட்டை ஓர் ஆண் ஒரு சொல்லும் மாற்றாமல் பாடினால் உங்கள் கணக்கில் அது சுத்தமான மரபு. அந்த ஆணுக்கு ஆண் காதலன் இருந்தால்? பாட்டு அதேதானே!

பழம்பாட்டுப் பிரியன்:
அவசரப்படாதீர்கள். ‘ரைசிங் சன்’ பாட்டை ஓல்ட்-டைம் பாடகர் கிளாரன்ஸ் ஆஷ்லி 1933-லேயே பையன்கள் சீரழிந்ததாகப் பாடிப் பதிவு செய்துவிட்டார். அனிமல்ஸ் தலையில் மட்டும் பழி போடாதீர்கள். ஆளுக்கேற்ப மாற்றுவதும் பழைய வழக்கம்தான்.

தேன்சிட்டு:
அப்போ ‘கைவைக்காதே’ விதி என்ன ஆச்சு? இப்போது நீங்களே கிளீவ்ஸுக்கு வக்கீல்.

பழம்பாட்டுப் பிரியன்:
சரி, மாட்டிக்கொண்டேன். ஆனாலும் மாற்றுவது வேறு, புதிதாக எழுதுவது வேறு.

மேற்கத்தி:
சுரங்கப் பாட்டில் அந்தக் கோடு நிற்காது. 1931-இல் கென்டக்கியின் ஹார்லன் கவுன்டியில், தொழிற்சங்கத்துக்காரரான கணவனைத் தேடி ஷெரீஃபின் ஆட்கள் வீடு புகுந்த பிறகு ஃப்ளோரன்ஸ் ரீஸ் எழுதியது ‘நீ எந்தப் பக்கம்?’ பாட்டு. மெட்டு பழசு, சொல் புதுசு. அதுவும் ‘நான் இன்னார்’ என்ற அறிவிப்புதான். அதை யாரும் மரபுக்கு வெளியே தள்ளவில்லை.

கரும்பலகை:
‘மலைக்கிராமத்து இசை’ என்ற படமே அரைகுறை. பாஞ்சோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்த கருவி. 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பினக் கலைஞர்களை ‘ரேஸ்’ என்றும் வெள்ளையர்களை ‘ஹில்பில்லி’ என்றும் பிரித்து விற்றன. ஒரே பாட்டுகளை இரு தரப்பும் வாசித்தது பலருக்கு மறந்தே போனது. ஓல்ட்-டைம் இசைக்கலைஞர் ஜேக் பிளவுன்ட் கறுப்பினத்தவர், பால்புதுமையர். அவருடைய ‘ஸ்பைடர் டேல்ஸ்’ (2020) ஆல்பத்தின் பாட்டுகள் பெரும்பாலும் கறுப்பின, பழங்குடி இசைஞர்களிடமிருந்து வந்தவைதான். 2016-இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளிஃப்டாப் ஓல்ட்-டைம் இசை விழாவில் பாரம்பரியக் குழுப் போட்டியில் வென்ற குழுவில் அவரும் இருந்தார். விழா நடக்கும் இடம் 1942-இல் கறுப்பினச் சிறாருக்காகத் திறந்த முகாம். இங்கே யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர்?

ராலே வாசி:
நான் கான்ட்ரா என்ற ஜோடி நடனத்துக்குப் போகிறவன், அந்தப் பக்கச் செய்தி ஒன்று. முன்பு ‘ஜென்ட்ஸ், லேடீஸ்’ என்று கூவி ஆடவைத்தார்கள். இப்போது பல ஊர்களில் ‘லார்க்ஸ், ராபின்ஸ்’. இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் ராபின், யாரும் எதுவும் ஆகலாம். முதலில் எரிச்சலாக இருந்தது, இந்த வயதில் பறவைப் பெயர் வேறா என்று. ஆங்கிலத்தில் இடப்பக்கத்துக்கும் (left) லார்க்குக்கும் முதல் எழுத்து ஒன்று, வலப்பக்கத்துக்கும் (right) ராபினுக்கும் அப்படியே. அது பிடிபட்டதும் நான் தப்பாக ஆடுவது குறைந்தது.

பழம்பாட்டுப் பிரியன்:
நடனத்தில் நான் தலையிடவில்லை. கரும்பலகை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, அதை முதல் பதிவிலேயே யோசித்திருக்க வேண்டும். ஜார்ஜியா டர்னர் பதிவையும் தேடிக் கேட்டேன். அந்தப் பெண் தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, பாடுகிறாள், முடிகிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

தேன்சிட்டு:
கிளீவ்ஸ் அப்படி ஒன்றும் சொல்லாமல் பாடியிருந்தால், அவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

பழம்பாட்டுப் பிரியன்:
தெரிந்திருக்காது. இதற்குப் பதிலை யோசித்துவிட்டு வருகிறேன். ஆஷ்லியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.