முதல் வெப்சைட்: கல்லிடைக்குறிச்சி அப்பளமும் பாமினியும்

எனக்கு முதல் கஸ்டமர் அம்மா மூலமாத்தான் வந்தார். நாங்க வீரவநல்லூர். பக்கத்துல கல்லிடைக்குறிச்சியில அப்பளம் போடுற அண்ணாச்சி ஒருத்தர், "ஏம்மா, ஒம்மவன் கம்ப்யூட்டருதான படிக்கான்?"னு கேட்டிருக்கார். அவர் அப்பளத்துக்கு ஒரு வெப்சைட் வேணுமாம். வெப் பக்கத்தை எழுதி அழகாக்குற எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு வரும். ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற புரோகிராம் மொழியில ஃபார் லூப்ங்கிற ஆரம்பப் பாடத்தைத் தாண்டல. 4,000 ரூபாய்னு பேசி, டொமைன் (சைட்டோட பேரு), ஹோஸ்டிங் (சைட்டை வைக்கிற இடம்) செலவையும் அதுக்குள்ளயே சேத்துட்டேன். முட்டாள்தனம், பாதி அதுலயே போச்சு.

பக்கம் ரெண்டே ராத்திரியில முடிஞ்சுது. விலைப்பட்டியல் பென்டிரைவ்ல வந்தப்பதான் வினை. நோட்டீஸ் அடிக்கிற கடையில டைப் பண்ணினது. ஒட்டினா 'அப்பளம்'ங்கிற இடத்துல எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எஸ், கே, அரைப்புள்ளி!

அண்ணாச்சி பாத்துட்டு, "என்ன தம்பி, நான் தமிழ்லதான அடிச்சுக் குடுத்தேன். இது பூராம் இங்கிலீஷ்லா!"

எழுதினது பாமினி ஃபான்ட். உள்ளே இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், அதுக்கு மேல தமிழ் உருவத்தைப் போத்தி வச்சிருக்கும். ஃபான்ட் இல்லாத போன்ல போர்வை விலகிரும். எந்த போன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடு எழுத்து முறைக்கு மாத்தியாகணும். அதுக்கு ரெடிமேட் கன்வெர்ட்டர் இருக்குன்னு அப்ப தெரியாது, நானே எழுத உக்காந்தேன்.

ஒவ்வொரு எழுத்தா மாத்தினேன். தமிழ் வந்துட்டு, ஆனா 'பொரிக்கவும்' மட்டும் முன்னால ஒரு புள்ளி வட்டத்தோட நொண்டிச்சு. பாமினியில கையால எழுதுற வரிசை: முதல்ல கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால். யூனிகோடுல ப முதல்ல, குறி பின்னால. மூணு எழுத்துச் சேர்க்கையை முதல்ல மாத்தணும், அப்புறம் ரெண்டு, கடைசியாத்தான் ஒத்தை எழுத்து. இது புரிய மூணு நாள் ஆச்சு. புரோகிராம்ல அர்ரே எதுக்கு, ஃபங்ஷன் எதுக்குன்னு வீடியோ பாத்து மண்டையில ஏறாததெல்லாம் அந்த மூணு நாள்ல ஏறிச்சு.

கொண்டுபோய்க் காமிச்சா, அண்ணாச்சி போன்ல எழுத்து எறும்பு மாதிரி தெரியுது. பக்கத்தை போன் அகலத்துக்குப் பொருத்தச் சொல்ற வியூபோர்ட் டேக் போடல. அங்கயே ஒரு வரி சேத்தேன். மிச்சப் பணத்துல ஆயிரத்தைத் 'தீபாவளி கழிச்சு'ன்னுட்டார், ரெண்டு கட்டு அப்பளம் மட்டும் கையில குடுத்தார். அம்மாவுக்கு அதுவே சந்தோஷம்.

அடுத்த வாரம் அந்த நோட்டீஸ் கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, அந்த எழுத்து மாத்துற சாமானம் நம்ம சிஸ்டத்துல போட்டுத் தாரியளா? எவ்வளவு?" 500 ரூபாய்னேன். உடனே கையில குடுத்தார்.