பாசிர் பாஞ்சாங் சண்டை: தாத்தாவின் கேசட்டை ஆதாரமாக எடுக்கலாமா?

தோ பாயோ கயல்:

வணக்கம். மகன் உயர்நிலை இரண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங்கில் பிரிட்டிஷ் தரப்புக்கும் ஜப்பானியருக்கும் நடந்த சண்டையைப் பற்றி வரலாற்றுப் பாடத்துக்கு புராஜெக்ட் செய்கிறான். கையில் இருப்பவை நான்கு: பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவலின் அறிக்கை, பிரிட்டிஷார் சரணடைந்த நாளைப் பற்றிய ஒரு ஜப்பானியக் குறிப்பு, அந்த வாரத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், அப்புறம் என் தாத்தாவின் கேசட். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1988இல் மாமா பதிவு செய்தது.

நான்குக்கும் ஒரே வரிதான் எழுதினான்: "ஒருதலைப்பட்சமானது, எனவே பயனில்லை." சண்டை நின்ற நேரம் பிரிட்டிஷ் கணக்கில் இரவு 8.30, ஜப்பானியர் கணக்கில் 10 மணி. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்கிறான். "சீனப் பெருநாள் சமயம், மழை கறுப்பாப் பெஞ்சுச்சு" என்று தாத்தா சொன்னதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டான். ஆசிரியர் "மறுபடி யோசி" என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். என்ன யோசிப்பது?

குன்று நடையர்:

கயல், தம்பியைத் திட்டாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு, அந்தச் சண்டை நடந்த குன்றான புக்கிட் சந்துவுக்குப் பலரைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறேன். பெரியவர்களும் இதே வரியைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் மணிக் கணக்கு. யாரும் பொய் சொல்லவில்லை. ஜப்பான் ராணுவம் எங்கே போனாலும் தோக்கியோ நேரத்தில்தான் எழுதும். அன்றைய சிங்கப்பூர் நேரத்தைவிட அது ஒன்றரை மணி நேரம் முன்னால். 8.30உம் 10உம் ஒரே நிமிடம்தான். சரணடைந்த கையோடு நம் ஊர்க் கடிகாரத்தையும் மாற்றிவிட்டார்கள். ஜப்பானியர் இங்கே நடத்திய சியோனான் டைம்ஸ் நாளிதழைப் பார்த்தால் ஆண்டு 2602 என்று இருக்கும், அது அவர்கள் ஆண்டுக் கணக்கு. தேதியும் நேரமும் யாருடையவை என்று பார்க்காமல் இரண்டு ஆதாரங்களை மோதவிடக் கூடாது.

பெர்சிவலுக்கு வருவோம். கடைசி நாள்களில் அவர் இருந்தது ஃபோர்ட் கேனிங் குன்றுக்குள், நிலத்தடி அறையில். அதற்கு முன்பே, பிப்ரவரி 8ஆம் தேதி வடமேற்கே சரிம்புன் கரையில் ஜப்பானியர் இறங்கிய இரவில் குண்டுவீச்சால் தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்தன. கரையில் நடந்தது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பிறகு மூன்றரை ஆண்டு சிறைவாசம். அறிக்கை அச்சில் வந்தது 1948இல். ஆக, ஒரு மலாய்ப் படைவீரர் புக்கிட் சந்துவில் என்ன பார்த்தார் என்று அதில் தேடினால் ஏமாற்றம்தான். படையை ஏன் கரை முழுக்கப் பரப்பி வைத்தார், அதற்குப் பின்னாளில் என்ன நியாயம் சொன்னார் என்று கேட்டால் முதலில் எடுக்க வேண்டியது அதுதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியிருக்கிறார் என்பதே தம்பிக்கு ஒரு தகவல்.

நாளிதழும் அப்படித்தான். போர்த் தணிக்கை இருந்த காலம். சண்டையின் போக்கை அதில் தேட வேண்டாம். மக்கள் எதை நம்ப வேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது என்பதைத் தேடட்டும்.

இப்போது தாத்தா. 1942 பிப்ரவரி 15, சரணடைந்த அன்று, சீனப் புத்தாண்டின் முதல் நாள். தாத்தா தேதி சொல்லவில்லை, பெருநாள் சொன்னார், அது சரியாகப் பொருந்துகிறது. எண்ணெய்க் கிடங்குகள் எரிந்து ஊர் முழுக்கக் கரி படிந்த மழை பெய்ததைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொன்று: நார்மண்டன் எண்ணெய்க் கிடங்கிலிருந்து எரியும் எண்ணெய் கால்வாயில் ஓடியதால்தான் மலாய்ப் படை அதிகாரி லெஃப்டினன்ட் அட்னான் சைடி இருந்த சி கம்பெனி 14ஆம் தேதி பின்வாங்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. மூட்டை தூக்கியவர் பார்த்த கறுப்பு மழைக்கும் அந்தக் கால்வாய்க்கும் ஒரே நெருப்பு. என் கண்ணில் உங்கள் நான்கில் இதுதான் தங்கம்.

ஜூரோங் மணி:

அண்ணே, அப்படியானால் தாத்தா சொன்னதெல்லாம் உண்மையா? பஞ்சாபிப் படை வேஷம் போட்டு வந்தவர்கள் நான்கு நான்கு பேராக நடந்ததை வைத்து அட்னான் கண்டுபிடித்தார் என்பதை என் தாத்தாவும் நேரில் பார்த்தது போலவே சொல்வார். அவர் அப்போது இருந்தது மலாயாவில், கிளாங்கில்!

குன்று நடையர்:

ஹா, உங்கள் தாத்தா கேட்டதைச் சொல்கிறார், கயலின் தாத்தா மேலே பட்டதைச் சொல்கிறார். அந்த வித்தியாசம்தான் தேவை. பிரிட்டிஷ் படை மூன்று மூன்றாக நடக்கும் என்ற விவரம் வரும் கதைகளில் முதல் வடிவம் எப்போது, யார் வாயிலிருந்து வந்தது என்று தேட வேண்டும். அதற்காக அட்னானின் வீரம் குறையாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கயல், ஒன்று கேட்கிறேன். கேசட்டில் கேள்வி கேட்டது யார்? எப்படிக் கேட்டார்?

தோ பாயோ கயல்:

மகனை உட்கார வைத்து இப்போதுதான் முழுதாகக் கேட்டோம். மாமாதான் கேட்கிறார். தாத்தா மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார், சட்டையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது, பாட்டி மூன்று தடவை துவைத்தும் போகவில்லை என்கிறார். மாமா குறுக்கே புகுந்து, "சரி சரி, அத விடுங்கப்பா. ஜப்பான்காரன் அடிச்சானா இல்லியா, அதச் சொல்லுங்க" என்கிறார். அதற்குப் பிறகு தாத்தா அடியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். மகன் அந்த இடத்தை நான்கு முறை திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டு, "அங்கிள் ஏன்மா நிறுத்தினாரு?" என்று கேட்டான்.